தொடக் கூடாத பெட்டி

அடி அண்ணாமலை
2-10-2025

அன்புள்ள தம்பி கோபிக்கு, அக்கா ராணி எழுதுவது. இங்கே நலம். நலம் என்றால், உன் மாமா ஆக்சிஜன் மிஷினோடு நலம், நான் அவரோடு நலம்.

கோடை லீவில் நீ வைத்துவிட்டுப் போன பேட்டரிப் பெட்டி மூலையில் இருக்கிறது. மாடியில் உள்ள சோலார் தகடு வெயிலைக் குடித்து அதற்கு ஊட்டுகிறது. "உன் தம்பி பொண்ணு கூட்டினு வருவான்னு பாத்தா, பொட்டிய கூட்டினு வந்திருக்கான்" என்று மாமா சிரிக்கிறார். சிரித்தால் இருமல். நேற்று ஆயுத பூஜைக்கு அந்தத் தம்பி பொண்டாட்டிக்கும் சந்தனம், குங்குமம் வைத்தேன். உப்பிலிருந்து செய்த பேட்டரியில் கரண்டைச் சேர்த்து வைக்கிற ஆராய்ச்சி என்கிறாய். நானும் வருஷா வருஷம் உப்பில் மாங்காயைச் சேர்த்து வைக்கிறேன். எனக்கு யார் டாக்டர் பட்டம் கொடுத்தார்கள்?

கரண்ட் அடிக்கடி போகிறது. பழைய இன்வெர்ட்டர் கொஞ்ச நேரம்தான் தாங்குகிறது. அதற்கு மேல் மிஷினை உன் பெட்டியில் மாட்டலாமா? போனில் கேட்டால் அவசரத்தில் ஏதோ சொல்வாய். யோசித்து எழுது.

அக்கா ராணி

புனே
8-10-2025

அன்புள்ள அக்கா,

பொட்டு வை, பூ வை. ஒயர் மட்டும் மாட்டாதே. இங்கே ஆய்வகத்தில் இதே மாதிரிப் பெட்டி ஒன்று போன வாரம் சூடேறி வீங்கிவிட்டது. தீபத்துக்கு வரும்போது நானே சோதித்து மாட்டித் தருகிறேன். அதுவரை தொடாதே. பெண்ணும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன் என்று மாமாவிடம் சொல்.

அன்புடன், கோபி

அடி அண்ணாமலை
18-11-2025

தம்பி கோபிக்கு,

மாமா காரியம் முடிந்து நீ போனதிலிருந்து வீட்டில் சத்தமே இல்லை. அந்த மிஷின் சத்தத்தைத் திட்டித் திட்டித் தூங்கியவள் நான். இப்போது அது இல்லாமல் தூக்கம் வரவில்லை.

நீ இருந்தபோது கேட்க வாய் வரவில்லை. அன்றைக்கு ராத்திரி மழையில் கம்பம் சாய்ந்து கரண்ட் போனது. இன்வெர்ட்டரும் நின்றது. ரோட்டில் ஏரித் தண்ணீர் ஓடியதால் ஆம்புலன்ஸ் வர முடியவில்லை. உன் பெட்டி பக்கத்திலேயே இருந்தது. ஒயரைக் கையில் எடுத்தேன். "வாணாம் ராணி, புள்ள தொடாதன்னு சொல்லியிருக்கான்ல" என்று மாமா என் கையைப் பிடித்துக்கொண்டார். விடியும்வரை விடவில்லை. அப்புறம் நான்தான் பிரித்து எடுத்தேன்.

மாட்டியிருந்தால் ஓடியிருக்குமா? உண்மையைச் சொல். தாங்குவேன்.

ராணி

புனே
24-11-2025

அக்கா,

ஓடியிருக்காது. காரியத்துக்கு வந்தபோது சோதித்தேன், பெட்டியில் கரண்ட் நிற்கவே இல்லை. மாட்டியிருந்தாலும் ஐந்து நிமிடம்தான். மனதில் எதையும் வைத்துக்கொள்ளாதே. தீபத்துக்கு நான் வரவில்லை. பெட்டியை எடுத்துப்போக ஆள் அனுப்புகிறேன். இந்த வேலையையே விட்டுவிடலாம் என்றிருக்கிறேன்.

கோபி

அடி அண்ணாமலை
4-12-2025

என் அருமைத் தம்பி கோபிக்கு,

நேற்று தீபம். மலையில் ஜோதி ஏறியதும் ஊரே அரோகரா போட்டது. தெரு முழுக்க அகல் விளக்கு. துக்க வீட்டில் இந்த வருஷம் விளக்கு ஏற்றக் கூடாதே, நம் வீடு மட்டும் இருட்டு. எதிரே உன் பெட்டி, குங்குமம்கூட அழியாமல்.

சின்னப் பிள்ளையிலிருந்தே நீ நாலு வார்த்தையில் முடித்தால் அது பொய். தூக்கி வளர்த்தவளுக்குத் தெரியாதா? பக்கத்தில் ஒரு வாளி மணலை வைத்துக்கொண்டு, மாமா மிஷினை உன் பெட்டியில் மாட்டினேன். திட்டாதே.

ஓடியது.

உஸ், உஸ் என்று அதே மூச்சு. குழாய் தரையில் கிடந்து யாருக்கோ காற்று விட்டுக்கொண்டிருந்தது. நம் வீட்டில் எரிந்தது அந்த மிஷினின் குட்டிப் பச்சை லைட் ஒன்றுதான். காலையில் காபி போடும்போதும் நிற்கவில்லை. நானே நிறுத்தினேன். பிறகு உட்கார்ந்து அழுதேன்.

அது ஓடியிருக்கும் என்று தெரிந்தும், எனக்குச் சொல்லாமல் நீயே சுமந்திருக்கிறாய். இனி பாதியை என்னிடம் கொடு. வீங்கினதைப் பார்த்துப் பயந்து நீ தொடாதே என்றாய். உன்னை நம்பி நாங்கள் தொடவில்லை. இதில் யார் மேலும் குற்றமில்லை. அக்காவிடம் பொய் சொன்னாயே, அது ஒன்றுதான் குற்றம். அதற்குத் தண்டனை, நீ வேலையை விடக் கூடாது.

மிஷினைப் பக்கத்து வீட்டு மூர்த்தி அண்ணனுக்குக் கொடுத்துவிட்டேன். அவர் அம்மாவுக்கும் இதே மூச்சுக் கஷ்டம். "பொட்டியும் தருவியாம்மா?" என்று கேட்டார். "என் தம்பி வந்து பாத்துட்டு சொல்லுவாண்ணா" என்றேன்.

வா, வந்து பார். இனிமேல் யாருக்கும் தொடாதே என்று மட்டும் எழுதி நிறுத்தாதே. எப்போது தொடலாம் என்பதையும் எழுது.

உன் அக்கா,
ராணி