மேனேஜர் வேன் வரைக்கும் வந்துவிட்டான்

என் சேக்காளி, மச்சான் காளிமுத்துவுக்கு,

உன் வருச நினைவுக்கு உன் மகள் தனம் என்னிடம் நாலு வரி கேட்டாள். அவள் வேலை பார்க்கிற அச்சாபீஸில் உன் போட்டோவுக்குக் கீழே போடுவதற்காம். நாலு வரியில் எனக்கு என்ன அடங்கும்? எழுத்துத்தான் தெரியாதே தவிர, வாய்க்கு என்ன குறை? நான் சொல்லச் சொல்ல எழுது தாயி என்றேன். எழுதுகிறாள். நடுநடுவே மூக்கை உறிஞ்சுகிறாள். நிறுத்தி நிறுத்திச் சொல்கிறேன்.

சேதி உன் நாயைப் பற்றியது. நம் பட்டாசுக் கம்பெனி கேட்டில் வாலை ஆட்டாமல் நின்று, வருகிற ஆளையெல்லாம் ஏற இறங்கப் பார்க்கிறான் என்று நீதானே அவனுக்கு மேனேஜர் என்று பேர் வைத்தாய்? அது நிஜ மேனேஜர் காதில் விழுந்து, உன்னைக் கூப்பிட்டுக் கேட்டார். "அவரும் உங்கள மாதிரிதான் சார், கடிக்க மாட்டாரு" என்றாயே, இன்றைக்கும் அங்கே சொல்லிச் சிரிக்கிறார்கள்.

உன்னை எடுத்த அன்று நடந்ததை நான் உன்னிடம் சொல்லவில்லை. நம் ஊரில் வெடி போடாமல் யாரை எடுத்திருக்கிறோம்? நாற்பது வருசம் வெடிமருந்து அறையில் நின்ற மனுசன் சத்தமில்லாமல் போகலாமா என்று, சரம் சரமாக நான்தான் வாங்கினேன். முதல் சரத்தைப் பற்றவைத்ததும் நான்தான். மேனேஜர் உன் பாடையை ஒட்டியே வந்துகொண்டிருந்ததை நான் பார்க்கவில்லை. தெறித்து வந்த வெடி ஒன்று அவன் தலைக்குப் பக்கத்தில் வெடித்தது. ஒரு கத்துக் கத்திவிட்டு ஓடியவன்தான். அந்தச் சத்தம் உனக்குக் கேட்டதா மச்சான்? பெருமையாக இருந்ததா?

நாலு நாள் தேடினேன். விஸ்வநத்தம் ரோட்டில் பாலத்துக்கு அடியில், குழாய்க்குள் கிடந்தான். காதோரம் கருகியிருந்தது. இந்த வயதில் நான் தவழ்ந்து உள்ளே போய்த்தான் தூக்கி வந்தேன்.

அன்றிலிருந்து எங்கள் கட்டிலுக்கு அடிதான் அவனுக்கு உலகம். தட்டு விழுந்தால் நடுங்குவான். குக்கர் கூவினால் நடுங்குவான். தெருப்பக்கம் தலை வைக்கவே மாட்டான். ஆனி மாதம் பக்கத்து வீட்டுச் சங்கரம்மா, பாவமே என்று கட்டிலுக்கு அடியில் குனிந்து அவனைத் தடவப் போனாள். மூலையில் மாட்டிக்கொண்டவன் அவள் கையில் பல்லைப் பதித்துவிட்டான். ஊசி போட அவள் ஆஸ்பத்திரிக்கு நடந்தாள்.

என் வீட்டுக்காரி, உன் தங்கச்சி, அன்றைக்கே முடிவு கட்டிவிட்டாள்.

"எங்க அண்ணன் வளத்த நாயிதான், இல்லேங்கல. நாளைக்கு ஒரு பச்சப்புள்ளயக் கடிச்சு வச்சா யாரு பதில் சொல்றது? மல்லாங்கிணத்துல எங்க அக்கா காட்டுல விட்ருவோம். அங்கன வெடியும் கெடையாது, வேனும் கெடையாது."

"அங்கன சங்கிலியில கட்டிப் போட்ருவாகளே" என்றேன்.

அவள் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தாள். பிறகு, "புரட்டாசி முடியறதுக்குள்ள, நம்ம தெரு முக்குல கம்பெனி வேனுக்கு நிக்கிற ஆளுகளோட ஆளா அவன் நிக்கட்டும். அப்பறம் நான் வாயத் தொறந்தா என்னான்னு கேளுங்க" என்றாள்.

அவள் சொன்னதும் தப்பில்லைதானே? எனக்குத்தான் பொறுக்கவில்லை. ஓடித் திரிந்தவன் பருத்திக் காட்டில் கட்டிக் கிடப்பதா? அதுவும் நான் வைத்த வெடிக்கு?

மறுநாளே கயிற்றைக் கட்டி முக்குக்கு இழுத்தேன். அதுதான் நான் செய்த இரண்டாவது மடத்தனம். இரண்டாம் கரண்டுக் கம்பத்துக்குப் பக்கத்தில் அப்படியே படுத்து, கிடந்த எடத்திலேயே மூத்திரம் போய்விட்டான். பிறகு கழுத்தை உருவிக்கொண்டு வீட்டுக்கு ஓடிவிட்டான். வெறும் கயிற்றோடு நான் திரும்பி வந்ததைத் தெருவே பார்த்தது.

உட்கார்ந்து யோசித்தேன். நாம் மருந்து கலந்தது எப்படி? விடியக்காலைக் குளிர்ச்சியில். கொஞ்சம் கொஞ்சமாக. தேய்க்காமல், இழுக்காமல். வெயில் ஏறுவதற்குள் கையைக் கழுவிவிட்டு வெளியே வந்துவிடுவோம். 'இன்னும் ஒரு கை கலந்துவிடலாமே' என்று நினைத்தவர்கள் என்ன ஆனார்கள் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அத்தனை வருசம் அந்த வேலை பார்த்த எனக்கு, ஒரு பயந்த உயிரை இழுக்கக் கூடாது என்று தோன்றாமல் போனதே.

அப்புறம் மருந்து வேலை மாதிரியே செய்தேன். முதல் வாரம் வாசற்படியோடு சரி. வாசலில் உட்கார்ந்து கருவாட்டுத் துண்டைக் கீழே போடுவேன், வந்தால் வரட்டும் என்று. அடுத்து முதல் கம்பம். அதில் பத்து நாள். அவன் காது பின்னால் மடிந்தால் சூடு ஏறுகிறது என்று கணக்கு. அந்த நொடியே திரும்பிவிடுவேன். நன்றாக நடந்த அன்றைக்கும் ஒரு அடி கூட்ட மாட்டேன். ஆடி போனது, ஆவணி போனது. ஆவணிக் கடைசியில் மூன்றாம் கம்பம்.

வேனுக்கு நிற்கிற பெண்களிடம் அவனைப் பார்க்காதீர்கள், கூப்பிடாதீர்கள் என்று சொல்லி வைத்தேன். சங்கரம்மா சும்மா இருப்பாளா?

"என்ன மாமா, மேனேசரு புதுப்பொண்ணா? பாத்தா வெக்கப்படுவாரோ?"

"நீ பாத்தா ஆம்பளைகளே ஒதுங்குறாக தாயி. அவன் என்ன செய்வான்?"

சிரிப்பில் தூக்குவாளிகள் எல்லாம் குலுங்கின. ஆனால் பாரு, அவள்தான் தினமும் தன் டிபனில் இட்லியைப் பிட்டு, அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, இந்தப் பக்கம் போட்டவள். "கடிச்ச வாய்க்குச் சோறு போடுறேன், எந்தலையெழுத்து" என்பாள். ஒரு நாளும் போடாமல் இருந்ததில்லை.

புரட்டாசி முடிய ரெண்டு நாள் இருந்தது. முக்கில் அவர்களோடு நாங்களும் நிற்கிறோம். உன் தங்கச்சி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறாள். தீபாவளி சீசன் அவசரம், வேன்காரர் வந்த வேகத்தில் கதவைப் படார் என்று அடித்தார். மேனேஜர் ஒரு ஆள் உயரம் துள்ளினான். கயிறு என் கையை அறுக்கிறது. பிடித்துக்கொண்டால் இழுபறி. விட்டால் மறுபடியும் பாலத்தடி, அதோடு மல்லாங்கிணறு.

விட்டுவிட்டேன் மச்சான்.

பத்துப் பதினைந்து அடி ஓடினான். நின்றான். திரும்பி என்னைப் பார்த்தான். நான் கூப்பிடவில்லை, கை நீட்டவில்லை. வேன் நிறைய ஆள், சொல்லி வைத்தபடி அத்தனை பேரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். கயிறு தரையில் இழுபட, உடம்பு முழுக்க நடுக்கத்தோடு, நடந்து வந்து என் காலை ஒட்டி நின்றான். வேன் கிளம்பும் வரைக்கும் நின்றான்.

வீட்டுக்கு வந்தபோது உன் தங்கச்சி அவள் அக்காவிடம் போனில் பேசிக்கொண்டிருந்தாள். "காவலுக்கு வேற நாயி பாத்துக்கோக்கா. இவனுக்கு இங்கன சோலி கெடக்கு."

பயம் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். தீபாவளி முழுக்கக் கட்டிலடிதான். நானும் தரையில் பாயை விரித்து அவன் பக்கத்திலேயே படுத்துக்கொண்டேன். காலையில் வேன் முக்கு இப்போது பழகிவிட்டது. ஆனால் உன்னைக் கொண்டுபோன பாதை திரும்புகிற எடத்தில் உட்கார்ந்துவிடுகிறான். நானும் பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறேன். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் பார்த்துவிட்டு ரெண்டு பேரும் திரும்பிவிடுகிறோம்.

உன் வருச நாளைக்கு அவனோடு வர ஆசைப்பட்டேன். நடக்காது போல. கோபித்துக்கொள்ளாதே. அவனாக எழுந்து அந்தத் திருப்பத்தைத் தாண்டுகிற அன்றைக்கு வருகிறோம். அதற்கு எத்தனை காலம் ஆனாலும் இழுத்துக்கொண்டு வர மாட்டேன்.

உன் தங்கச்சி மாப்பிள்ளை,
சீனிச்சாமி