ஒருவருக்குப் படகு இல்லை

மார்ச் 2, திங்கள்

ஏரி என்னை அடித்துக்கொண்டு போகவில்லை. என்னை யாரும் காப்பாற்றவும் இல்லை. எதிர்வீட்டு மேனேஜர் தெரு முழுக்கச் சொல்லிவரும் கதையில் நான் "ஐயோ, ஐயோ" என்று கத்தினேனாம். கத்துகிற பழக்கம் எனக்குக் கிடையாது.

நடந்தது இவ்வளவுதான். போன புதன்கிழமை வழக்கம்போல வாடகைப் படகை எடுத்துக்கொண்டு மீன் பிடிக்கப் போனேன். என் இடம் வந்ததும் நங்கூரத்தைத் தூக்கிப் போட்டேன். கயிறு சரசரவென்று ஓடியது; அதன் கடைசி நுனியும் என் கண்முன்னே தண்ணீருக்குள் போய்விட்டது. படகுக்காரர் சாயங்காலம் எல்லாக் கயிறுகளையும் அவிழ்த்து வேலியில் காயப்போடுவார். காலையில் சுருட்டி இருக்கைக்கு அடியில் வைப்பார். நுனியை வளையத்தில் கட்டிக்கொள்வது படகு எடுப்பவர் பொறுப்பு. நான் கட்டவில்லை. எங்கள் சொந்தப் படகில் என் வீட்டுக்காரர் போட்ட முடிச்சு அவர் காலம் முடியும்வரை அவிழவே இல்லை. முடிச்சு இருக்கிறது என்று என் கை தானாக நம்பிவிட்டது.

காற்று நாணல் பக்கம் தள்ளியது. துடுப்புப் போட்டுக் கரைக்கு வந்தேன். கை வலித்தது, அது மட்டும் உண்மை.

மார்ச் 4, புதன்

படகு தரவில்லை.

"தனியா போறதுக்குக் குடுக்கிறதில்ல மேடம். கூட ஒரு ஆள் வேணும்."

"இது எப்பலேர்ந்து?"

"இந்த வாரத்திலேர்ந்து."

எனக்கு முன்னால் சைக்கிள் கடைக்காரர் தன்னந்தனியாகத்தான் ஏறிப் போனார், லைஃப் ஜாக்கெட்டைத் தலையணையாக வைத்துக்கொண்டு. சுட்டிக்காட்டினேன். "அவர் வேற மேடம்" என்றார் படகுக்காரர், என் முகத்தைப் பார்க்காமல். என்ன வேறு? எனக்கு வயதாகிவிட்டது என்பதைச் சொல்ல அந்த மனிதருக்குத் தைரியம் இல்லை.

திரும்பும்போது பஸ்ஸில் ஒரு பெண் தூண்டிலைப் பார்த்துவிட்டு, "மீன் எங்க பாட்டி?" என்றாள்.

"ஏரியில" என்றேன்.

மார்ச் 5

உட்கார முடியவில்லை. நின்றாலும் முடியவில்லை. தூண்டில் ரீலைப் பிரித்துத் துடைத்து எண்ணெய் போட்டேன். மத்தியானம் மறுபடி பிரித்தேன் — எதற்கு?

மார்ச் 7, சனி

மேனேஜர் வந்தார். கதை கட்டியவரே மருந்தும் கொண்டுவந்தார்.

"என் படகு சும்மாதான கெடக்கு? வாங்கிக்குங்க. சொந்தப் படகுன்னா எவன் வந்து கேக்கப் போறான்? நீங்க பாட்டுக்குப் போலாம், வரலாம்."

வாஸ்தவம்தான். ஆனால் சொந்தப் படகு என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். அது எங்கள் வீட்டில் இரண்டாவது பிள்ளை. வாசலை அடைத்துக்கொண்டு கிடக்கும். அதற்குப் பெயிண்ட், தார்ப்பாய், வருடந்தோறும் லைசென்ஸ். மழை வந்தால் என் வீட்டுக்காரர் எழுந்து ஓடிப்போய் அதைப் போர்த்துவார்; எனக்குக் காய்ச்சல் வந்தால் மாத்திரை எங்கே என்று என்னையே கேட்பார். அவர் போனபின் அதை விற்றேன். துக்கம் தாங்காமல் விற்றாள் என்றார்கள். துக்கம் இருந்தது. விற்றதற்கு அது காரணமில்லை. வாடகைப் படகிலிருந்து இறங்கினால் இறங்கியதுதான். தூண்டிலும் நானும் வீட்டுக்கு வருவோம், படகின் கவலை படகுக்காரரோடு போகும். இந்த நிம்மதி எனக்கு இந்த வயதில்தான் வாய்த்தது.

யோசித்துச் சொல்வதாகச் சொல்லி அனுப்பினேன். ஏன் அப்படிச் சொன்னேன்? வேண்டாம் என்றல்லவா சொல்லியிருக்க வேண்டும்?

மார்ச் 8

மேனேஜர் படகைப் போய்ப் பார்த்தேன். உள்ளே பூனை குட்டி போட்டிருக்கிறது.

மார்ச் 11, புதன்

மருமகள் லீவு போட்டுவிட்டு வந்தாள். 'கூட ஒரு ஆள்.' படகு கிடைத்தது. கயிற்றின் நுனியைக் கட்டினேன், இழுத்தும் பார்த்தேன்.

"அத்தை, இந்தப் புழு நெளியுது!"

"செத்த புழுவ மீன் சீண்டாது. பேசாம இரு."

நான் தூண்டிலை வீசும்வரை பொறுத்தாள். பிறகு, "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். தனியா படகு குடுக்கக் கூடாதுன்னு படகுக்காரர்கிட்ட சொன்னது அவர்தான்."

என் மகன்.

தூண்டில் தக்கை அப்போதுதான் அமுங்கியது. நான் இழுக்கவில்லை. போகட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மாமா தவறினத ஆஸ்பத்திரிலேர்ந்து ஃபோன்லதான சொன்னாங்க? அதுலேர்ந்து தெரியாத நம்பர்னா அவர் எடுக்கிறதே இல்ல. என்கிட்ட நீட்டுறார். அன்னிக்கு நங்கூரம் போனப்ப, நீங்க படகுத்துறையில குடுத்து வச்ச அவர் நம்பருக்குப் படகுக்காரர் கூப்பிட்டார்ல, அப்பவும் அப்படித்தான். நான் பேசி முடிக்கிறவரைக்கும் செவுத்தப் பாத்துக்கிட்டு நின்னார்."

"இத என்கிட்ட சொல்ல அவனுக்கு வாய் இல்லியா?"

"உங்ககிட்ட எதச் சொன்னாலும் திருத்துவீங்களாம்."

மார்ச் 12

திருத்துகிறேனா? தப்பாகச் சொன்னால் திருத்தாமல் கொஞ்சவா முடியும்?

மார்ச் 13, வெள்ளி

ஃபோன் செய்தேன்.

"யாரக் கேட்டுடா அப்படிச் சொன்ன?"

"உனக்கு ஏதாவது ஆச்சுன்னா?"

"ஒண்ணும் ஆகாது."

"அப்பாவும் இதத்தான் சொன்னார்."

நான் ஃபோனை வைக்கவில்லை. அவனும் வைக்கவில்லை. பிறகு ஆபீசில் அவனை யாரோ கூப்பிட்டார்கள்.

நான் படித்த கான்வென்ட்டில் பிள்ளைகள் சண்டை போட்டால் சிஸ்டர் எங்களைத் தனித்தனி மேசையில் உட்காரவைத்து ஒருவருக்கொருவர் கடிதம் எழுதச் சொல்வார். பதில் வாங்கும்வரை பேசக்கூடாது. கையெழுத்து ஒழுங்காக இருக்க வேண்டுமே என்ற கவலையில் பாதிக் கோபம் போய்விடும்.

மார்ச் 14

மேனேஜரிடம் படகு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

"நல்ல படகும்மா. அப்புறம் வருத்தப்படுவீங்க."

"குட்டிங்க கண்ணு தெறக்கட்டும்" என்றேன். அவருக்குப் புரியவில்லை. பூனை விஷயமே அவருக்குத் தெரியாதாம்.

மார்ச் 15, ஞாயிறு

மகனுக்கு எழுதியது. நாளைக் காலை தபாலில் சேர்ப்பேன்:

என்னைக் கேட்காமல் படகுக்காரரிடம் பேசியது தப்பு. பயந்தது தப்பில்லை. சொந்தப் படகு வாங்கினால் உன்னிடமோ அவரிடமோ கேட்க வேண்டியதில்லை. வாங்கப் பார்த்தேன். வாங்கவில்லை. உன்னைத் தாண்டிக்கொண்டு போய் மீன் பிடிக்க எனக்கு மனம் வரவில்லை.

படகுத்துறையில் உன் நம்பரை எடுத்துவிட்டு உன் மனைவியின் நம்பரைக் கொடுக்கப் போகிறேன். அவளைக் கேட்டுவிட்டேன், சம்மதித்தாள். இனி எது நடந்தாலும் அங்கிருந்து உனக்கு ஃபோன் வராது.

இருபத்தைந்தாம் தேதி புதன்கிழமை லீவு எடு. படகில் ஏற வேண்டாம். கரையில் நில். நான் கயிறு கட்டுவதையும், காற்றுக்கு எதிராகத் துடுப்புப் போடுவதையும் உன் கண்ணால் பார். அன்று ஒரு நாள் மட்டும் எனக்குத் தனியாகப் படகு தரும்படி நீயே படகுக்காரரிடம் சொல். பார்த்துவிட்டு, அம்மா தனியாகப் போகலாமா கூடாதா என்று நீ முடிவு செய். கூடாது என்றால் போக மாட்டேன். இந்த வரியை எழுத எனக்கு ஒரு காலைப்பொழுது ஆயிற்று.

ஃபோனில் நாம் இரண்டு பேரும் சரிப்பட மாட்டோம். உன் பதில் கடிதத்தில் பிழை இருந்தாலும் திருத்த மாட்டேன். வருகிறாயா இல்லையா என்று எழுதி அனுப்பு.