படம், படம்

உன் கைப்பேசியைச் சார்ஜில் போட்டேன். திரை கருப்பாகவே இருந்தது. குரல் மட்டும் எழுந்து ஓடியது. பார்வையில்லாத உனக்குத் திரையை வாசித்துச் சொன்ன குரல். நீ வைத்திருந்த அதே வேகம். காய்ந்த எண்ணெயில் கடுகு பொரிவது மாதிரி.

"அது பேசறது எனக்குப் புரியலம்மா. நீயே வச்சுக்கோ." உன் காரியங்கள் முடிந்த பிறகு, ஸ்ரீரங்கம் வீட்டு வாசலில் உன் அம்மா கொடுத்தார். எனக்கும் பாதிதான் புரியும். கல்லூரியில் உன் பக்கத்தில் உட்கார்ந்து பழகிய பாதி.

திரையை நீ அணைத்தே வைத்திருப்பாய். "எனக்கெதுக்குடி வெளிச்சம்? சார்ஜுதான் போகும்." சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து பஸ்ஸில் வரும்போது இருண்ட கண்ணாடியைத் தடவிக்கொண்டே இருப்பாய். ஒருமுறை பக்கத்து சீட்டு அம்மா, "போன் ஆஃப் ஆயிருச்சு பாருங்க" என்றார். "பரவால்லைங்க, நானும் ஆஃப்தான்" என்றாய். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இன்று அந்தக் குரல் புதிதாக வந்த ஒரு மின்னஞ்சலை வாசித்தது. உங்கள் குறை தீர்க்கப்பட்டது.

எந்தக் குறை என்று எனக்குத் தெரியும். விரிவுரையாளர் வேலைக்கு இணையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். தென்னூரில் என் அறையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் நீயே நிரப்பினாய். "கிட்ட வந்தே, கடிச்சிருவேன்." மிச்சம் இருந்தது அனுப்பும் பொத்தான். அதை ஒரு பச்சை அம்புப் படமாக வைத்திருந்தார்கள். குரல் வாசிக்க, படத்துக்குப் பெயர் கொடுக்கவில்லை. பார்ப்பவருக்கு அது அம்பு. உனக்கு, குரல் வாசித்த ஏதோ எண்கள். தேடித் தேடி நேரம் கடந்து பக்கம் மூடிக்கொண்டது. மறுபடி முதலிலிருந்து. மறுபடி. அன்றுதான் கடைசி நாள்.

"அழுத்துடி" என்றாய்.

திரையை ஒளிரவிட்டு அழுத்தினேன்.

"எழுதுனது நான். அப்ளை பண்ணது நீ."

நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். அதை நீ யாரிடமும் பெருமையாகச் சொன்னதில்லை. பொத்தானுக்குப் பெயர் வைக்கச் சொல்லிக் குறை எழுதிப் போட்டாய். அங்கிருந்து ஒருவர் போனில், "கூட ஒரு ஆள வச்சுக்க வேண்டியதுதானே மேடம்?" என்றார். "அனுப்பி வைங்க சார், காபி போடச் சொல்றேன்" என்றாய். பரிசீலனையில் உள்ளது என்று பதில் வந்தது. உனக்குக் காய்ச்சல் வந்தது. பரிசீலனையில் இருந்தது. நீ போனாய். பரிசீலனையில் இருந்தது.

தீர்த்ததைக் கேட்கலாம் என்று இருட்டுத் திரையிலேயே அந்தப் பக்கத்தைத் திறந்தேன். கடைசியில், அம்பு இருந்த இடத்துக்கு விரல் வந்தது.

"படம், படம்."

புரியக் கொஞ்ச நேரமானது. பெயர் கேட்ட இடத்தில் யாரோ 'படம்' என்று எழுதியிருக்கிறார்கள். குரல் அது படம் என்கிறது, அதன் பெயரும் படம் என்கிறது. எழுதியவர் வேலை முடிந்தது என்று டீ குடிக்கப் போயிருப்பார். 'அனுப்பு'. நாலு எழுத்து. அவ்வளவுதான் கேட்டாய்.

நீ இருந்தால், "நல்லா படம் காட்டுறாங்கடி" என்றிருப்பாய். சிரித்தேன். பிறகு பல்லைக் கடித்தேன்.

உன் கைப்பேசியிலேயே மறுபடி குறை எழுதினேன். படம் என்பது பெயரல்ல. அனுப்பப் போனால், குரல் "பொத்தான்" என்றது. விரலை நகர்த்தினேன். "பொத்தான்." இரண்டுக்கும் பெயரில்லை. ஒன்று அனுப்பும், ஒன்று அழிக்கும். திரையை ஒளிரவிட்டால் ஒரு நொடி வேலை.

கிட்ட வந்தே, கடிச்சிருவேன்.

ஒன்றை அழுத்தினேன். எழுதியதெல்லாம் அழிந்தது.

மறுபடி முதலிலிருந்து எழுதுகிறேன். திரை கருப்பாகவே இருக்கிறது.