பெரணி இலையும் கைக்குட்டையும்

குட்டிம்மாவுக்கு,

நான் இங்கே சுகம். உன் இடுப்பு வலி தேவலையா? அப்பா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா?

ஒரு வேடிக்கை கேள். சனிக்கிழமை எங்கள் ஆய்வுக்கூடத்தார் காட்டுக்குப் பெரணிச் செடி தேடிப் போனார்கள். பாட்டில் கழுவும் என்னையும் மூட்டை சுமக்கக் கூட்டிப் போனார்கள். பேராசிரியர் எட்டு வருஷமாகத் தேடும் பெரணியைப் போலவே ஒன்று, பாறை இடுக்கில் என் கண்ணில்தான் பட்டது. முட்டியைச் சிராய்த்துக்கொண்டு இறங்கி, இருந்த ஒரே இலையைப் பறித்தேன். அடியில் பழுப்புப் புள்ளிகள் அப்பியிருந்தன. பெரிய மனுஷரிடம் அழுக்காகவா கொடுப்பது? நீ பூ வேலை செய்து தந்த கைக்குட்டையால் பளிச்சென்று துடைத்துக் கொடுத்தேன்.

அந்தப் புள்ளிகள்தான் அதற்கு விதை மாதிரியாம். அதைப் பார்த்துத்தான் இன்ன பெரணி என்று சொல்ல முடியுமாம்.

"எட்டு வருஷத்த எட்டு செகண்டுல தொடச்சிட்டியேப்பா! அந்தக் கைக்குட்டையையும் குடு, புள்ளியெல்லாம் அதுலதான இருக்கு" என்றார் பேராசிரியர். எல்லாரும் சிரித்தார்கள்.

இப்போது இலையும் கைக்குட்டையும் ஒரே கண்ணாடிச் சட்டத்துக்குள் ஆய்வுக்கூட வாசலில் தொங்குகின்றன. கீழே என் பெயர். இதுவரை "ஏய் பாட்டிலு" என்று கூப்பிட்டவர்கள், முழுப் பெயரையும் பிழையில்லாமல் எழுதியிருக்கிறார்கள். புதிதாக வருகிறவர்களிடம் "இவருதான் அவரு" என்று என்னைக் காட்டுகிறார்கள். நானும் சிரித்து வைக்கிறேன். அந்தக் கண்ணாடியைத் தினமும் துடைப்பதும் என் வேலைதான்.

முட்டிக்குத் தடவத் தைலம் அனுப்பு. மணி அடித்துவிட்டார்கள், ஓடுகிறேன். ஒரு கைக்குட்டையும் வை. பூ வேலை வேண்டாம், வெறும் துணி போதும்.

உன் வீட்டுக்காரன்