கொடியில் காய்ந்த சாரம்

பத்திராதிபரின் தபாலட்டை மேசையில் கிடக்கிறது. உன்னைப் பற்றி ஞாயிறு இதழுக்கு ஒரு கட்டுரை வேண்டுமாம். "தொடக்கம் அவருடைய பாணியில் அமைந்தால் நல்லது" என்று கடைசியில் ஒரு வரி. அதைப் படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செத்த பிறகும் நீ என்னிடம் தொடக்கம் கேட்கிறாய்.

உன் பாணி எனக்குத் தெரியாதா? இருவரும் வன்னியிலிருந்து பத்திரிகைக்குக் கட்டுரை அனுப்பிக்கொண்டிருந்த காலத்தில், கிளிநொச்சிச் சந்தித் தேத்தண்ணிக் கடையில் அதை எத்தனை தரம் கேட்டிருப்பேன்! இரணைமடுக் குளம் நிரம்பியது, மந்திரி வந்தார் என்று நான் எழுதுவேன். நீ வாசித்துவிட்டுச் சிரிப்பாய்.

"பிறந்தார், அமைந்துள்ளது எண்டு தொடங்கிற கட்டுரையை ஆடும் தின்னாது. ஒரு வீட்டுக்கும் முன்வாசலாலை போகாதை. கிணத்தடியாலை போ. கொடியைப் பார், அடுப்பைப் பார். விஷயம் அங்கைதான் கிடக்கும்."

சொன்னதைச் செய்தும் காட்டினாய். மழை பொய்த்த வருடம், யாரோ ஒரு வீட்டில் விதைநெல்லை அவிக்கிற வாசனையில் உன் கட்டுரை தொடங்கியது. அந்த வீட்டாருக்கு எப்படி இருந்திருக்கும் என்று நான் யோசிக்கவே இல்லை. வயிறெரிந்தேன், அவ்வளவுதான்.

அந்த எரிச்சலில்தான் உன்னை உருத்திரபுரத்துக்கு, என் அக்கா வீட்டுக்குக் கூட்டிப்போனேன். எனக்கும் விஷயம் பிடிக்கத் தெரியும் என்று உனக்குக் காட்ட வேண்டியிருந்தது. அக்கா சோறும் குளத்து மீன் குழம்பும் தந்தா. கை கழுவக் கிணற்றடிக்குப் போன நீ, திரும்பி வந்து கேட்டாய்.

"அக்கா, ஆம்பிளை உடுக்கிற சாரம் ஈரமாத் தொங்குது. ஆளையும் காணேல்லை, செருப்பையும் காணேல்லை?"

அக்கா என்னைப் பார்த்தா. "சொல்லுங்கோ, என்ரை சிநேகிதன்தானே" என்றேன் நான்.

அக்கா சொன்னா. அத்தானுக்கு நெஞ்சு வருத்தம். மாதக்கணக்காக யாழ்ப்பாணத்தில் தாய் வீட்டில் படுக்கையில் கிடந்தார். அரசாங்கக் குடியேற்றத்தில் காணி பெற்றவர் காணியிலேயே இருந்து பயிர் செய்ய வேண்டும். இல்லையென்றால் காணிப் பெர்மிட் போய்விடும். அதனால் அக்கா ஒவ்வொரு காலையும் அவருடைய தோய்த்த சாரத்தையே மறுபடி நனைத்துக் கொடியில் போடுவா. வாய்க்கால் ரோட்டால் ஜீப்பில் போகிற குடியேற்ற அதிகாரி, ஆள் வீட்டில் இருக்கிறார் என்று எண்ணிக்கொண்டு போய்விடுவார். இரண்டு பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு, வயலையும் தனியே பார்த்தபடி, அவர் எழும்பி வரும்வரை காணியைக் காப்பாற்ற அவவுக்கு வேறு வழி தெரியவில்லை.

இரண்டு ஞாயிறு கழித்து உன் கட்டுரை வந்தது. "உடுக்க ஆளில்லாத ஒரு சாரம் தினமும் தோய்க்கப்படுகிறது." முதல் வரியைப் படித்து "அடடா!" என்று வாய்விட்டுச் சொன்னேன். உருத்திரபுரத்தில் வாய்க்கால் முடியுமிடத்து வீடு என்ற அடுத்த வரியில்தான் அது யார் வீட்டுக் கொடி என்று உறைத்தது. உன்னை எவ்வளவு வெறுக்கிறேனோ, அந்த "அடடா"வையும் அவ்வளவு வெறுக்கிறேன்.

அதிகாரி பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டே வந்தார். அக்கா பொய் சொல்லவில்லை. விசாரணை முடிந்து பெர்மிட் ரத்தானது. சட்டிபானைகளோடு லொறியில் ஏறும்போது என்னிடம் ஒன்றுதான் சொன்னா.

"நான் உங்கள் ரெண்டு பேருக்கும் சோறுதான் போட்டனான், தம்பி. பேப்பருக்கு ஒண்டும் குடுக்கேல்லை."

அன்றே உன்னைத் தேடி வந்தேன். "பேர் போடேல்லையே, மச்சான்" என்றாய். பிறகு சற்றுக் குரலைத் தாழ்த்தி, "அதை விடு, தொடக்கம் எப்பிடி?" என்றாய். உன்னை அடிக்காமல் எழுந்து போனதை நினைத்து இன்றும் என்மேல் எனக்குக் கோபம். அதன்பின் உன்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. செத்தவீட்டுக்கும் வரவில்லை.

தபாலட்டை வந்த பிறகுதான், போன கிழமை, முரசுமோட்டையில் உன் வீட்டுக்குச் சைக்கிளில் போனேன். நீ சொன்னபடியே கிணற்றடியால் போனேன். உன்னை உன் வழியிலேயே பிடித்து, சந்தி சிரிக்க வைக்க வேண்டும் என்றுதான் நினைத்திருந்தேன்.

கொடியில் உன் வெள்ளைச் சட்டை ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது. உன்னை எரித்து இரண்டு மாதமாகிறது.

உன் மனைவி வெளியே வந்து, நான் பார்த்ததைப் பார்த்தா. "நெல்லு அருவி வெட்டுக்கு வெளியூர் ஆக்கள் வந்து நிக்கினம், அண்ணை. இஞ்சை நானும் ரெண்டு குமர்ப்பிள்ளையளும்தானே. ஆம்பிளை இல்லாத வீடெண்டு தெரியவேண்டாமெண்டு போடுறனான்." பிறகு என் சட்டைப்பையில் இருந்த பேனையைப் பார்த்தா. "இதை எழுதிப்போடாதேங்கோ."

அவ கேட்குமுன்பே வரி என் தலைக்குள் வந்துவிட்டது. நல்ல தொடக்கம், உன் சாரத்தைவிட நல்லது. நீயாக இருந்தால் அன்றைக்கே எழுதித் தபாலில் போட்டிருப்பாய். நான் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுச் சைக்கிளை எடுத்தேன். அந்த வரி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, என்னோடேயே போகும்.

இன்று காலை கட்டுரையை அனுப்பிவிட்டேன். "அன்னார் ஓர் எளிய விவசாயக் குடும்பத்தில் பிறந்தார்" என்று தொடங்குகிறது. ஆடு தின்னாவிட்டால் போகட்டும்.