இருபதுக்கு ஒன்று

ஓரிகன்,
மே 3

அன்புள்ள மேரன்,

இங்கே இருபத்தோரு பேரும் சுகம், கோல் கீப்பர் பெட்ராவின் வாய் உட்பட. நீயும் உன் முட்டியும் எப்படி இருக்கிறீர்கள் என்று தெரியாததுதான் குறை. போனை எடுக்க மாட்டேன் என்கிறாய், அனுப்பும் செய்திகளைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். இதை உன் அம்மா உன் கையில் திணிப்பார்கள், எனக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

முதலில் நல்ல செய்தி. லக்ராஸ் லீக்கின் இரண்டாம் பிரிவில் மூன்றாவது வருஷமாக நாம்தான் முதலிடம். போன வாரம் லீக்கிலிருந்து கடிதம் வந்தது. முதல் பிரிவில் ஓர் இடம் காலியாகிறதாம். வர விருப்பமா, பதினைந்தாம் தேதிக்குள் சொல்லுங்கள் என்கிறார்கள். பல்கலைக்கழகப் பணமோ சம்பளக் கோச்சோ இல்லாமல், மைதானத்துக்குக் கோடு போடுவது முதல் வேன் ஓட்டுவது வரை தானே செய்துகொள்ளும் நம் கிளப்புக்கு! படித்ததும் நான் துணி துவைக்கும் அறையில் தனியாக நின்று கத்தினேன். பிறகு இரண்டாம் பக்கத்தைப் படித்தேன். அதைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

சனிக்கிழமை கடைசி ஆட்டம், நம் மைதானத்தில். பதினொன்றுக்கு ஏழு என்று ஜெயித்தோம். முடிந்ததும் வழக்கம்போல மட்டை ஓட்டு. நடுக்கோட்டில் அவரவர் மட்டையை வைக்க வேண்டும், மட்டை நுனியில் பந்து பிடிக்கும் வலை நம் கோல் பக்கம் இருந்தால் இங்கேயே இருப்போம், எதிரி கோல் பக்கம் இருந்தால் மேலே போவோம் என்று நான்தான் சொன்னேன். யாரும் யாரையும் பார்க்காமல் ஒவ்வொருத்தியாகப் போய் வைத்துவிட்டு வந்தார்கள். எண்ணிப் பார்த்தால் பதின்மூன்று பேர் இருப்போம், எட்டுப் பேர் போவோம்.

அப்புறம் பான்கேக் கடைக்குப் போனோம். ஏதோ துக்க வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி எல்லோரும் தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டோம். பெட்ராவால் எவ்வளவு நேரம் சும்மா இருக்க முடியும்? "யாருடி அந்தப் பதிமூணு பயந்தாங்கொள்ளி? தைரியம் இருந்தா கையத் தூக்குங்க" என்றாள். ஒரு கையும் எழவில்லை. "நான் போகலாம்னுதான் வச்சேன்" என்றாள் கிட். இந்த வருஷம் சேர்ந்தவள், உன் பழைய இடத்தில் ஓடுகிறாள், உன்னைவிட வேகம் என்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதே. "நானும்தான்" என்றாள் அடுத்தவள். அப்படியே மேஜையைச் சுற்றி வந்தால் கிட்டத்தட்ட எல்லோருமே போகலாம் என்று வைத்தவர்கள்!

கிட்தான் கண்டுபிடித்தாள். "வில்லா, நம்ம கோல்னா எது? கார் நிறுத்துற பக்கம்தானே?" என்று என்னைக் கேட்டாள். தினமும் பயிற்சியில் நாம் அதைத்தான் நம் கோல் என்போம். ஆனால் இடைவேளைக்குப் பிறகு பக்கம் மாறிவிட்டோம். பெட்ரா கடைசிவரை காத்து நின்றது எதிர்ப்பக்கக் கோலை. பாதிப் பேர் பழக்கத்தை நினைத்து வைத்திருக்கிறார்கள், மீதிப் பேர் ஆட்டத்தை நினைத்து. பெட்ரா என்னைப் பார்த்து, "மூணு வருஷமா எங்களுக்கு ஆட்டம் சொல்லித் தர்றவ நீதானே?" என்றாள். மேஜையே சிரித்தது. எனக்கும் சிரிப்பு அடங்கவில்லை.

உடனே அங்கேயே மறு ஓட்டு. முள்கரண்டியின் முள் சிரப் பாட்டில் பக்கம் இருந்தால் போவோம், ஜன்னல் பக்கம் இருந்தால் இருப்போம். பரிமாறும் அம்மா காபிக் குடுவையோடு நின்று வேடிக்கை பார்த்தார். பாட்டிலைப் பார்த்து இருபது. ஜன்னலைப் பார்த்து ஒன்று.

அந்த ஒன்று என்னுடையது, மேரன்.

இரண்டாம் பக்கத்தில் இருந்தது இதுதான். முதல் பிரிவில் ஆடுகிறவரே பயிற்சியாளராக இருக்கக்கூடாது. ஆடாத ஒருவர் கோட்டுக்கு வெளியே நிற்க வேண்டும். இத்தனை நாள் இரண்டு வேலையையும் நானே பார்த்தேன், இனி மட்டையைக் கீழே வைத்தாக வேண்டும். படிப்பு முடிய இன்னும் ஒரே ஒரு வருஷம், எனக்கு அவ்வளவுதான் ஆட்டம் மிச்சம். அதை விட மனம் வரவில்லை. இருபது பேர் ஆசைக்கு எதிராக என் ஒருத்தி ஆசையை வைத்தேன். சொல்லும்போது வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் அவர்களிடம் சொல்லிவிட்டேன்.

யாரும் திட்டவில்லை. பெட்ரா மட்டும், "நீ எதுக்குடி மட்டையக் கீழ வைக்கணும்? கத்துறதுக்குன்னே பொறந்த ஒருத்தி ஊர்ல உக்காந்து முட்டியத் தடவிக்கிட்டு இருக்காளே" என்றாள். அப்புறம் உன் முட்டி போன அந்த அக்டோபர் ஆட்டத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. உன்னை ஸ்டிரெச்சரில் தூக்கிப் போகிறார்கள், வலியில் உன் முகம் வெளுத்துக் கிடக்கிறது, நீயோ தலையைத் தூக்கி, "பெட்ரா, இடது பக்கம் வர்றாடி, இடது!" என்று கத்துகிறாய். அவள் இடது பக்கம் பாய்ந்தாள், பந்து வலைக்குள் போகவில்லை. ஸ்டிரெச்சர் தூக்கியவர்களே சிரித்துவிட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் நீ, "ஆட முடியாத எடத்துல எனக்கு என்னடி வேலை?" என்று கேட்டாய். அன்றைக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியாததால் உன் வீட்டுப் பக்கமே வராமல் இருந்துவிட்டேன். மூன்று மணி நேர வழி, ஏழு மாசமாக ஒரு தடவைகூட வரவில்லை. நீ போனை எடுக்கவில்லை என்று ஊரெல்லாம் புலம்பினேனே தவிர, கதவைத் தட்டவில்லை. அது என் தப்பு. நம் அறையில் உன் பாதி இன்னும் காலியாகத்தான் இருக்கிறது, வேறு யாரையும் சேர்க்க எனக்குப் பிடிக்கவில்லை.

லீக் படிவத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். எல்லாம் நிரப்பியாகிவிட்டது. பயிற்சியாளர் என்ற இடம் மட்டும் காலி. உன் பெயரை எழுதிவிடச் சொல்லி எல்லோரும் நச்சரித்தார்கள், நான் எழுதவில்லை. அதை நீதான் எழுத வேண்டும். வேண்டாம் என்றால் அப்படியே என்னிடம் திருப்பிக் கொடு. என் பெயரைப் போட்டு மேலே போவோம், இருபது பேரை நான் நிறுத்தமாட்டேன். உன்மேல் வருத்தமும் இருக்காது.

நீ நன்றாக இருக்க வேண்டும், இந்த ஆட்டம் உனக்கு இருந்தாலும் இல்லாவிட்டாலும். ஆனால் எனக்கு என்ன வேண்டும் என்று கேட்டால், கடைசியாக ஒரு வருஷம் நான் ஓடும்போது, கோட்டுக்கு வெளியே நின்று நீ என்னைத் திட்ட வேண்டும்.

கடிதம் வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை நானே வருகிறேன். கதவைத் திற.

உன்
வில்லா