பதினான்காம் மைல்கல்

அன்புள்ள அக்காவுக்கு வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா?

எழுதப்போவது:
1. என் நலம்.
2. வேலையில் ஒரு சிறு பிசகு.
3. அனுப்ப வேண்டியவை.

நலமே. விபத்துப் பதிவுகளைச் சாலை வரைபடத்தோடு மைல்கல் எண்ணை வைத்துப் பொருத்தி, பதினான்காம் கல் வளைவில் இரும்புத் தடுப்பு போடச் சொல்லியிருந்தேன், போட்டார்கள். நேற்று பார்க்கப் போனேன். வளைவுக்குப் பக்கத்துப் பஞ்சர் கடைக்காரர் சிரித்தார்.

“பெரியவரே, ரோட்டை அகலமாக்குனப்போ கல்லையெல்லாம் தள்ளி நட்டுட்டாங்களே! வண்டி கவிழ்றது அந்தப் பள்ளிக்கூட வளைவுலதான்.”

விபத்துப் பதிவுகளில் இருந்தது பழைய கல்லின் எண், என் வரைபடத்தில் இருந்தது தள்ளி நட்ட புதுக் கல்லின் எண். அங்கிருப்பவர்களை நான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும்.

என் பழைய கண்ணாடியை அனுப்புங்கள். கூடவே இரண்டு வரி எழுதுங்கள். இங்கே என்னைத் தம்பி என்று கூப்பிட ஆளில்லை.

தபால் எடுக்கும் நேரம். அக்கா, இரண்டாவதைச் சிறு பிசகு என்றது தவறு. தடுப்பு போட்ட பிறகு பள்ளிக்கூட வளைவில் இருவர் இறந்திருக்கிறார்கள்.

தம்பி